பழைய கம்ப்யூட்டருக்கு மாமியின் ஓட்டு

ஒரு சனிக்கிழமை காலையில், இறந்துபோன ஒரு பெரியவரின் முகம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் பாதி வந்து நின்றுபோனது. நெற்றி, கண்ணாடி, மூக்கு எல்லாம் தெளிவாக இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அன்று மாலையே அடக்கம். பேனர் அடிக்கும் கடைக்காரர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மவுசை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் அசையவில்லை.

எனக்கு இதுதான் தொழில். புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம், ஞானஸ்நான அழைப்பிதழ், இரங்கல் பேனர் என்று எது வந்தாலும் வடிவமைத்துக் கொடுப்பேன். மஸ்கட்டில் ஏ.சி. பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் என் கணவர் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவர் முதல் தடவை லீவுக்கு வந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அதற்குப் பிறகு எத்தனையோ லீவு வந்து போய்விட்டது. கம்ப்யூட்டர் மட்டும் மாறவில்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். மாமி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டில் நடந்த அதே நடையை வீட்டிலும் நடப்பார். சபையின் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஒருகாலத்தில் ஜங்ஷன் படிப்பகத்துக்குப் பின்னால் ஆண்கள் கூடிச் சீட்டு விளையாடுவார்கள். மாமி சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்களைச் சுற்றி நின்று ஞானப்பாட்டுப் பாடியே அதை நிறுத்தினார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அதில் சீட்டுப் போட்டவர்களில் ஒருவர் மாமியின் சொந்தத் தம்பி. அவர் பாட்டு முடியும்வரை காத்திருந்து, கைச்சீட்டைக் கீழே வைத்துவிட்டு, 'ஆமென்' சொல்லி எழுந்து போனாராம்.

மாமி காப்பியோடு முன்னறைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்த மனுசன் வாய் இல்லாம இருக்கது இதுதான் முதல் தடவ" என்றார். பிறகு, இறந்தவரைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்தபோதும் பெரியவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் சுவிட்சை அணைத்துப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, அடக்கத்துக்கு முன்னால் பேனர் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இனி புதுசு வாங்காமல் முடியாது என்று.

சாயங்காலம் கணவரிடம் வீடியோ காலில் சொன்னேன். அவர் தொழில் அப்படி. எந்த மெஷினையும் தூக்கிப் போட மனசு வராது. வீட்டு மிக்ஸியில் ஜாரைத் தவிர எல்லாம் மாற்றப்பட்டவை.

"புதுசு என்னத்துக்கு? ரேம் கூட்டு. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போடு. பறக்கும்" என்றார்.

"புது டிசைன் சாப்ட்வேர் இதுல ஏறவே மாட்டேங்குது. கல்யாண ஆல்பம் தொறந்தா, மாப்பிள்ளை வந்து சேரதுக்குள்ள பொண்ணுக்க பக்கம் தொங்கிப் போவுது."

"உள்ள தூசி அடைஞ்சிருக்கும். ஊதிப் பாரு."

அவர் எதற்கும் முதலில் சொல்லும் வைத்தியம் ஊதுவது.

மாமி எனக்குத்தான் துணை நிற்பார் என்று நினைத்தேன். மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் என்றால் மருமகள் பக்கம் நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. புது கிரைண்டர், புது வாஷிங் மெஷின் எல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தன. ஆனால் இந்தத் தடவை போனை என் கையிலிருந்து வாங்கி மகனிடம் சொன்னார்:

"நீ சொல்லுகதுதான் சரி மக்கா. இருக்கது போரும். கண்டதையும் வாங்கிக் கூட்டப்பிடாது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆசை மனுஷரை எங்கே கொண்டு போய் விடும் என்று எனக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டர் பக்கமே வராத மனுஷி. அதில் பாட்டு வைத்துக் கொடு, பிரசங்கம் வைத்துக் கொடு என்று கேட்பதோடு சரி.

"ரிப்பேர் பாத்தா போரும்" என்றார். "ஆனா ஒண்ணு மக்ளே. அதுல உள்ளது ஒண்ணும் போயிரப்பிடாது. உள்ளது உள்ளபடியே இருக்கணும்."

எனக்கு உடனே மனசு இளகிவிட்டது. காலமான மாமனாரின் போட்டோக்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அவரும் மாமியுமாகச் சிதறால் மலைமேல் ஏறி, பாறையில் சாய்ந்து, காற்றில் சேலையும் வேட்டியும் பறக்க எடுத்துக்கொண்ட படம்கூட அதில் இருந்தது. அதை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஒண்ணும் போகாது மாமி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். மாமி கையை விடுவித்துக்கொண்டு, "பாத்துக்கிட்டா கொள்ளாம்" என்று உள்ளே போனார்.

அடுத்த வாரம் மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. கோயிலைத் தாண்டி ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்தின் மாதிரியைக் காட்ட வேண்டியிருந்தது. கொடை நடப்பதை நான் மறந்துவிட்டுப் பஸ் ஏறினேன். கோயிலுக்கு வெகுதூரம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. ரோடு முழுக்க ஜனம். கல்யாண வீட்டுக்காரர்களே போன் செய்து, "இன்னைக்கு வராதீங்க, எங்களாலேயே வீட்ட விட்டு எறங்க முடியல" என்றார்கள். எதிர்த்திசையில் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் வெளியே போனால் மாமி அப்படித்தான் செய்வார். தூங்குகிறவரை எழுப்புவானேன் என்று அடுக்களைப் பக்கமாகச் சுற்றி வந்தேன். அடுக்களைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் மாமியின் குரல் கேட்டது.

"வா மக்கா, வா. ஒனக்க எடம் இதுதான். எம்பிட்டு நேரமாட்டு ஒன்ன பாத்துக்கிட்டு இருக்கேன்."

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னறை வாசலுக்கு வந்தேன். விருந்தாளி யாரும் இல்லை. மாமி என் நாற்காலியில், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, திரைக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சை மேசை. மேசை மேல் ஏழு வரிசையில் சீட்டு. மாமியின் விரல் மவுசில் டக் டக் என்று விழுந்தது. ஒரு சிவப்பு ராணி நகர்ந்து போய்க் கறுப்பு ராஜாவின் மேல் உட்கார்ந்தாள்.

"இப்பம் குடும்பம் ஆச்சு" என்றார் மாமி.

நான் இருமினேன்.

மாமி திரும்பவில்லை. கை மட்டும் போய் மானிட்டரின் பொத்தானை அமுக்கியது. திரை இருண்டது. பெட்டி உர்ர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மாமி அதன் மேலிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வேகம் வந்துட்டியே" என்றார்.

"ரோடு பிளாக்கு மாமி."

"கொடையில்லியா. கூட்டம் இருக்கும்."

"ஆமா."

நான் போய் மானிட்டரைப் போட்டேன். ராஜாவும் ராணியும் அப்படியே இருந்தார்கள்.

"மாமி, சீட்டா?"

"சீட்டு நான் வெளயாடல்ல கேட்டியா" என்றார் மாமி. நர்ஸ் குரல். "தொறந்து பாத்தேன். எல்லாம் அலங்கோலமா கெடந்துது. அடுக்கி வச்சேன்."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எப்பம் இருந்து அடுக்குதிய?"

முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த நாட்களில், நான் போட்டு வைத்திருந்த பிரசங்கத்தைக் கேட்கலாம் என்று தானே கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். எங்கேயோ கை பட்டு இது வந்திருக்கிறது. மூட வழி தெரியாமல் ஒரு சீட்டைத் தொட்டுப் பார்த்தாராம். அது நகர்ந்திருக்கிறது. சிவப்புக்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் சிவப்பு என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். முடித்ததும் சீட்டெல்லாம் சாடிச் சாடி விழுந்ததாம். அதைச் சொல்லும்போது மாமியின் கை காற்றில் சாடிக் காட்டியது.

"சூதுன்னா எதிர்ல ஒருத்தன் இருக்கணும். அவனுக்க பைசாய பிடுங்கணும். இங்க ஆரு இருக்கா?" என்று என்னையே கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல."

"பின்னே?"

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. "அதான் புதுசு வேண்டாம்னியளா?"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசுல இது இல்லையாம். இருந்தாலும் நெட்டு வேணுமாம். நடுவுல விளம்பரம் வேற வருதாம். சங்கத்துச் செயலாளருக்க மருமவன் வாங்கினதுல அப்படித்தானாம்."

செயலாளருக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பெரிய மனுஷியைப் பிடித்தால் போதும்.

ஆனால் மாமனாரின் போட்டோவுக்காக உருகியதை நினைத்தபோது கொஞ்சம் கோபமும் வந்தது. "மாமாவுக்க போட்டோ போயிரும்னு வருத்தப்படுதியன்னுல்லா நெனச்சேன்" என்றேன்.

"அது எனக்க அலமாரியில பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன்" என்றார் மாமி.

அன்றைக்கே நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அதில் சீட்டு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். மாமி புதுசுக்கு எதிராக மகனிடம் பேச மாட்டார். முடிவை ரிப்பேர்காரர் சொல்லட்டும்.

புதுக்கடையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் அவர். ஸ்க்ரூ டிரைவர் பையோடு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் 'ரெண்டும் செய்யலாம்' என்பார். ஒன்றைச் சொல்லி அது சரியில்லாமல் போனால் ஊரில் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம். பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி திரண்டிருந்தது. ஒரு மூலையில் பல்லி முட்டை. அவர் ஊதினார். எங்கள் இருவருக்கும் தும்மல் வந்தது. என் கணவரின் வைத்தியம் அதோடு முடிந்தது.

"அக்கா, கார்டு ஒண்ணு சீக்கா இருக்கு" என்றார் அவர்.

வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது. "எந்தக் கார்டு?"

"கிராபிக்ஸ் கார்டும்மா. அத எடுத்துக் களஞ்சிரலாம்."

"ஒண்ணையும் களயாண்டாம். ஒண்ணு கொறஞ்சா பின்ன எப்படிச் சேரும்?"

ரிப்பேர்காரர் என்னைப் பார்த்தார். நான் பல்லி முட்டையைப் பார்த்தேன். "அது படம் காட்டுற கார்டு மாமி. வேற" என்றேன். மாமி மறுபடி பூண்டுக்குத் திரும்பினார். காது மட்டும் எங்களிடம் இருந்தது.

"சொல்லுங்க அண்ணே. இத சரி பண்ணவா, புதுசு வாங்கவா?"

"ரெண்டும் செய்யலாம்க்கா."

"சரி பண்ணினா எனக்க சாப்ட்வேர் ஏறுமா?"

"ஏறாது. பிராசசர் பழசு."

"பிராசசர மாத்தலாமா?"

"மாத்தலாம். போர்டும் சேத்து மாத்தணும். போர்டு மாத்தினா ரேம் சேராது, அதையும் மாத்தணும். பவர் சப்ளை தாங்காது."

"அப்பம் பழசுல மிச்சம் என்ன இருக்கும்?"

அவர் யோசித்தார். "டப்பா இருக்கும்க்கா. டப்பா நல்ல கனமான தகடு."

"சும்மா எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டா?"

"சின்னச் சோலிக்கெல்லாம் நல்லா ஓடும். பாட்டு கேக்கலாம், டைப் அடிக்கலாம்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "கேம் ஏதாவது வெளயாடலாம்" என்றார்.

பூண்டு ஒன்று உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.

அன்று சாயங்காலம் வீடியோ கால் வந்தபோது மாமியே போனை எடுத்தார். "மக்கா, அவளுக்குப் புதுசு வாங்கிக் குடு. அவளுக்க சோலிக்கு இது பத்தாது. போர்டு மாத்தினா ரேம் சேராது, பவர் சப்ளையும் தாங்காது."

மஸ்கட்டில் அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "அம்மா, ஒங்களுக்கு இதெல்லாம் ஆரு சொன்னா?"

"எனக்கும் காது இருக்கு. பழசுல எஸ்.எஸ்.டி. போட்டு எனக்க அறையில வச்சா போரும்."

"ஒங்களுக்கு எதுக்கும்மா?"

மாமி என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கும் அந்தப் பதிலைக் கேட்க ஆவலாகத்தான் இருந்தது.

"சங்கத்துக் காரியங்கள ஒழுங்கா அடுக்கி வைக்கணும்" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். என் கணவர் அம்மாவின் பொறுப்புணர்ச்சியில் நெகிழ்ந்துபோய் இரண்டுக்கும் சம்மதித்தார். அத்தோடு, அம்மாவுக்கு என்று நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கச் சொன்னார்.

புதுசு வந்து இறங்கியது. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பெண், மாப்பிள்ளை, இரு வீட்டார், பந்தி எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றார்கள். இத்தனை நாள் ஏன் கஷ்டப்பட்டேன் என்று எனக்கே தோன்றியது.

பழசுக்கு எஸ்.எஸ்.டி. போடக் கொண்டுபோனபோது மட்டும் ஒரு தர்மசங்கடம். "சுத்தமா அழிச்சிட்டு புதுசா எல்லாம் ஏத்தித் தாரேன்" என்றார் ரிப்பேர்காரர். "வேண்டாம் அண்ணே. உள்ளது உள்ளபடி மாத்துங்க."

"பழைய கேம் எல்லாம் கெடக்குக்கா. அதயாவது எடுத்துரட்டா?"

"எடுக்கப்பிடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான்தான் வேலை நேரத்தில் சீட்டு விளையாடி கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு அவர் முடிவு செய்திருக்க வேண்டும். இன்றைக்கும் கடைக்குப் போனால், "நேரம் நல்லா போவுதாக்கா?" என்று கேட்பார். மாமிக்குக் கொடுத்த வாக்கு. நான் சிரித்துவைப்பேன்.

மாமியின் அறையில் பழைய கம்ப்யூட்டர் வந்து அமர்ந்த பிறகு, சங்கத்தின் கமிட்டிக் கூட்டம் ஜெப அறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாறியது. கம்ப்யூட்டரில் எல்லாம் பதிய வசதியாக இருக்கும் என்றார் மாமி. முதலில் பாட்டு, பிறகு ஜெபம், பிறகு கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு நாள் டீத்தட்டோடு போய் முழங்கையால் கதவைத் தள்ளினேன். தலைவி மவுசைப் பிடித்திருந்தார். செயலாளர், பொருளாளர், இரண்டு மூத்த உறுப்பினர்கள் எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் யாரும் அசையவில்லை. செயலாளர் மட்டும் மிக அமைதியான குரலில், "அந்தக் கறுப்பு ஒம்பத செவப்புப் பத்துக்கு மேல வையுங்க" என்றார்.

நான் டீயை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

சில மாதம் கழித்து சபைக் கமிட்டியில் ஒரு பிரச்சினை வந்தது. சபை அலுவலகக் கம்ப்யூட்டரும் மெதுவாகிவிட்டதாம். ஆராதனை முறைமைத் தாளை அச்சடிப்பதற்குள் ஞாயிறு வந்துவிடுகிறதாம். போதகர் நல்ல மனிதர். முடிவெடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் கேட்பார். பேனர், அழைப்பிதழ் விஷயம் தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் மாமிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"பழசையே சரி பண்ணவா, புதுசு வாங்கவா?" என்று போதகர் கேட்டார். ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்னிடம் கேட்பதற்கு முன்னால் மாமி எழுந்துவிட்டார்.

"அலுவலகத்துக்குப் புதுசு வாங்குங்க போதகரே. அது அவசியம். ஆனா பழச தள்ளிரப்பிடாது. எஸ்.எஸ்.டி. ஒண்ணு போட்டா போரும். பெண்கள் சங்கத்து அறையில வச்சுக்கிடலாம். அழிக்காம, உள்ளது உள்ளபடி."

போதகர் வியந்துபோனார். இந்த வயதில் இவ்வளவு விவரம் தெரிந்துவைத்திருக்கிறார்களே என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பெண்கள் சங்கம் ஒருமனதாக ஆதரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "மாமி, சங்கத்துக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டேன்.

மாமி குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். "ஒரு கம்ப்யூட்டர அஞ்சு பேரு பாத்தா கழுத்து வலிக்குது மக்ளே" என்றார்.